உதிராப் பீலி

கீழ்த்திசையில் அக்கரைச் சீமையின் தென்னந்தலைகளுக்குப் பின்னிருந்து ஞாயிறு மெல்ல எட்டிப் பார்க்க, இடைக்கடலில் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்கள் ஒவ்வொன்றாய்க் கரும்புகை கக்கத் தொடங்க, மூட்டை சுமப்போர் ஒருவரையொருவர் கூவியழைக்கும் ஒலியும் எருதுகளின் கழுத்துமணி ஒலியும் கலந்து துறைமுகத் தெருக்களில் நிறைய, மேற்கே தண்ணீர்மலை தன் உச்சியில் படிந்த முகிலை உதற உளமின்றி உறங்கிக் கிடக்கும் பினாங்கு நகரத்து விடியலை, நற்றமிழ்ச் சுவை அறிந்த நண்பரே, ஒருமுறை உம் அகக்கண் முன் கொண்டு வாரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவே ஒரு தை மாதம் அது. பூசத்துக்குப் பன்னிரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. வெள்ளித்தேரைத் துலக்குவோர் புளியும் சாம்பலுமாய் அமர்ந்திருந்தனர். நோன்பிருப்போர் நெற்றி நிறைய நீறணிந்து நடந்தனர். பூக்கடைக்காரர் இப்போதே விலையை ஏற்றிவிட்டனர். அழகிய நகரம், அழகிய மாதம். அந்த அழகுக்கு நடுவே நம் கதைக்குரியவர் செய்த அழகற்ற செயலைத்தான் சொல்லப் போகிறேன். சொல்வதற்கு எனக்கே நாக் கூசுகிறது.

அவர் பெயர் முத்துவீரப்பன். செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, நகரத்தார் பலர் வரிசையாய் அமர்ந்து தொழில் செய்யும் கிட்டங்கி என்னும் நெடிய கூடத்தில், அரிசி வாணிகம் நடத்தி வந்தவர். நாற்பதைத் தொட்ட அகவை. வாக்கு மாறாதவர், கோயிற் பணி என்றால் முதலாளாய் நிற்பவர், ஊரார் வாயில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரின்மேல் அவருக்கிருந்த ஆசையைச் சொல்லி முடியாது; காலையில் எழுந்ததும் பிறர் கண்ணில்தான் தம் முகத்தைப் பார்த்துக்கொள்வார். ஊரில் மனைவி முத்தம்மையும் எட்டு அகவை மகள் அலமேலுவும் இருந்தனர். முந்திய ஆண்டு அலமேலு கொடுங்காய்ச்சலில் கிடந்தபோது, பீலிக்காவடி எடுப்பதாய் வேலனுக்கு நேர்ந்துகொண்டார். குழந்தை பிழைத்தது. எடுத்தே ஆகவேண்டும்.

காவடியில் ஏறும் பீலிக்கு அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அது மயில் தானே உதிர்த்ததாய் இருத்தல் வேண்டும். ஆவணியிலும் புரட்டாசியிலும் மயில்கள் தோகை உதிர்க்கும் நாள்களில், கண்மாய்க்கரைகளிலும் தோப்புகளிலும் சென்று பொறுக்கி, வெயிலில் காட்டி, வேப்பிலை இட்டுக் கட்டி வைப்பார்கள். உதிர்ந்த பீலியின் அடி நகம்போல் வெளுத்து உலர்ந்து கூராய் முடிந்திருக்கும். பறித்த பீலியின் அடியிலோ குருதி உறைந்திருக்கும். சிறுவனாய் இருந்தபோது முத்துவீரப்பனே மடிமடியாய்ப் பொறுக்கியவர். அடியைத் திருப்பிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லக்கூடிய கை அவருக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளும், நண்பரே, பிறகு வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்து முத்தம்மை அனுப்பிய பீலிப்பெட்டி நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால், ஐயோ, கப்பலின் அடித்தளத்தில் கடல்நீர் புகுந்து, பீலிகள் ஒன்றோடொன்று ஒட்டி, அழுகல் நாற்றம் அடித்தது. அக்கம்பக்கத்துக் கடைகளில் எல்லாம் காவடி கட்டும் வேலை மும்முரமாய் நடந்துகொண்டிருக்க, இவர் மட்டும் வெறுங்கழியை வைத்துக்கொண்டு விழித்தார். பீலி இல்லாவிட்டால் பூவாலும் தளிராலும் கட்டலாமே என்கிறீரா? கட்டலாம், வேலன் அதற்கெல்லாம் முகம் சுளிப்பவனும் அல்லன். ஆனால் பக்கத்துக் கடைச் சோமசுந்தரத்தின் காவடி கண்ணைப் பறிக்கும்போது தாம் தழை சுமந்து நடப்பதை முத்துவீரப்பனால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை.

அந்த வேளையில்தான் தங்கராஜு வந்தான். இடைக்கடலுக்கு அக்கரையிலிருந்து வாழையிலையும் தேங்காயும் கொண்டுவந்து கிட்டங்கிகளுக்குப் போடுகிறவன். காடு மேடெல்லாம் அலைந்தவன்.

"முடா ஆத்தங்கரையில மயிலு நெறைய நிக்குது செட்டியாரே. நம்ம ஊரு மயிலு மாதிரி இல்ல. கழுத்தெல்லாம் பச்சை. மலாய்க்காரங்க மெராக்குன்னுவாங்க" என்றான்.

"உதிர்ந்த பீலி கெடைக்குமா?"

தங்கராஜு அவர் முகத்தை ஒருகணம் பார்த்தான். "எத்தனை நாள்ல வேணும்?"

"பத்து நாள்ல."

"கெடைக்கும்லா" என்றான் அவன்.

முத்துவீரப்பன் மகிழ்ந்துபோய், தம் கடை முத்திரையிட்ட அரிசி மூட்டை ஒன்றை வண்டியில் ஏற்றச் சொன்னார். "வேலன் ஊர்தி அது. சும்மா வாங்கக் கூடாது. இதை மணல்ல தூவிவிடு, திங்கட்டும். மரத்தடியில கெடக்கிறதைப் பொறுக்கிக்கிட்டு வா" என்றார். கூடத்திலிருந்தோர் எல்லாம் கேட்கும்படி உரக்கவே சொன்னார். என்ன ஈகை, என்ன அருள் என்று நாலு பேர் தலையசைத்தனர்.

ஒன்பதாம் நாள் பீலி வந்தது. கட்டைப் பிரித்ததும் கூடமே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. அப்படியொரு பச்சையை அவர்களில் எவரும் கண்டதில்லை. மழை நின்றதும் வெயில் பட்ட வாழைக்குருத்துப் போல மின்னியது. முத்துவீரப்பன் ஒன்றை எடுத்தார். கை பழக்கத்தால் தானாகவே அடியைத் திருப்பியது. அடி இல்லை. விரற்கடை அளவுக்குக் கத்தியால் சீவி எறியப்பட்டிருந்தது. அடுத்ததை எடுத்தார், அதுவும் அப்படியே.

"இதென்ன தங்கராஜு, அடி வெட்டியிருக்கு?"

"மண்ணு ஒட்டியிருந்துச்சு செட்டியாரே. சீவிட்டேன்."

இவ்வளவுதான் பேச்சு. தை மாதத்தில் மயில் தோகை உதிர்க்காது என்பது அவருக்குத் தெரியும். மண் ஒட்டினால் கழுவுவார்களேயன்றி ஒருவரும் சீவமாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும், "சரி, சரி" என்று சொல்லிப் பீலியின் அடிகளை ஒன்றாய்ச் சேர்த்துச் சிவப்புத் துணியால் இறுகச் சுற்றிக் கட்டினார். துணி சுற்றிய பின் எவர் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. காணாததுபோல் இருக்க விழைபவனுக்கு அவ்வளவு துணி போதும்.

பூசத்தன்று முத்துவீரப்பன் நடந்த நடையை என்னென்பேன்! மேளம் முழங்க, வழியெங்கும் தேங்காய்கள் உடைய, தண்ணீர்மலைச் சாலையில் அந்தப் பச்சைக் காவடி ஆடி ஆடிச் சென்றபோது, சீனரும் மலாயரும் வெள்ளையரும் கழுத்தை நீட்டிப் பார்த்தனர். "எங்கே வாங்கினீங்கண்ணே? எங்கே வாங்கினீங்க?" என்று சோமசுந்தரம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். "எல்லாம் அவன் அருள் தம்பி" என்று இவர் வானத்தைக் காட்டினார். அடுத்த கப்பலில் அக்காவடியிலிருந்து ஒரு பீலியை உருவி அலமேலுவுக்கு அனுப்பினார். ஆண்டு முழுதும் பினாங்கில் அதே பேச்சு.

பேச்சு என்ன செய்யும் என்று கேட்பீர். அடுத்த தை பிறந்தபோது, காவடி எடுப்போர் பலருக்கும் ஊர்ப்பீலி வேண்டாம், பச்சைப்பீலியே வேண்டும் என்றாகிவிட்டது. தங்கராஜுவின் வண்டி ஓய்வின்றி அக்கரைக்கும் இக்கரைக்குமாய் ஓடியது. கட்டுக் கட்டாய் வந்த பீலிகளின் சீவிய அடிகளைக் காணக் காண முத்துவீரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் ஒருவரிடமும் சொல்லாமல் தோணியேறி அக்கரை சேர்ந்து, புக்கிட் மெர்தாஜாமில் வண்டி மாறி, முடா ஆற்றங்கரையில் போய் இறங்கினார். உண்மையைக் காணச் சென்றாரா, உண்மை வேறாய் இருந்துவிடாதா என்னும் நப்பாசையில் சென்றாரா என்றால், பின்னதுதான்.

ஆற்றின் வளைவில் அகன்ற மணல்திட்டு. அதன் ஓரத்தில் நிலக்கடலை பயிரிட்டிருந்த மலாய்ப்பெண் ஒருத்தி, களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சலேஹா என்று பெயர்; கணவனை இழந்தவள்; அந்தத் திட்டுக்கு அருகே குடிசையிட்டு வாழ்பவள். கடைத்தெரு மலாய்மொழி முத்துவீரப்பனுக்கு நன்றாய்த் தெரியும். அவர்கள் பேசிக்கொண்டதை நம் தமிழில் தருகிறேன்.

"இங்கே மயில்கள் இருந்தனவாமே?" என்றார்.

"இருந்தன. காலையும் மாலையும் மணலில் இறங்கும். என் கடலையைக் கிளறும்; கல்லெறிந்து விரட்டுவேன், மறுபடி வரும். போன ஆண்டு ஓர் ஆள் அரிசி கொண்டுவந்து தூவினான். பினாங்குச் செட்டி கொடுத்தது, எங்கள் சாமி ஏறிப் போகும் பறவை இது என்றான். நல்லவர்கள் என்று நினைத்து நானும் கல்லெறிவதை விட்டேன். மூன்று நாள் தின்றன. அச்சம் தெளிந்து அவன் காலடிக்கே வந்தன. நான்காம் நாள் அரிசிக்கு நடுவே கண்ணி வைத்தான்."

அவள் திட்டின் நடுப்பகுதியைக் கைகாட்டினாள்.

"ஐந்து ஆண்மயில். அதன்பிறகு எத்தனையோ. இப்போது ஓர் ஆணும் இரண்டு பெடையும் இருக்கின்றன. செட்டி, உன்னை ஒன்று கேட்கிறேன். உங்கள் சாமி அதில் ஏறித்தானே போகிறார்? கொன்றுவிட்டால் அவர் எதில் போவார்?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவரைக் கொன்றது. தம் கை அரிசி, தம் முத்திரையிட்ட மூட்டை, தாம் உரக்கச் சொன்ன அருள்மொழி எல்லாம் அந்த மணலில் கண்ணிக்கு இரையாய்க் கிடந்ததை எண்ணி, நின்ற இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. அந்த அரிசி தம்முடையது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, "இனி ஒருவனும் இங்கே வரமாட்டான், நான் தடுத்துவிடுகிறேன்" என்று வாக்களித்தார். மறுநாளே ஒரு மூட்டை அரிசியும் அவளுக்கு அனுப்பினார், எஞ்சிய மூன்றுக்கும் போடும்படி. அரிசி அனுப்புவது அவருக்கு எளிதாயிருந்தது.

தங்கராஜுவைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். அவன் தலையைச் சொறியவில்லை, குனியவும் இல்லை.

"பத்து நாள்ல வேணும்னு கேட்டது நீங்க. பத்து நாள்ல மயிலு உதிர்க்குமா? அடியைத் திருப்பிப் பாத்தீங்கள்ல, உங்களுக்குத் தெரியாதா செட்டியாரே?" என்றான். பிறகு குரலைத் தணித்து, "சரி விடுங்க. சோமசுந்தரம் செட்டியாருக்குத்தான் இன்னும் பீலி பாக்கி. அவரு வேணாம்னு சொல்லட்டும், நான் அந்தப் பக்கமே போகலை. நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான்.

ஒரு வார்த்தை. ஆற்றங்கரையில் நின்ற அந்த ஒற்றை ஆண்மயிலின் உயிர் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்வதென்றால், "போன ஆண்டு நான் சுமந்தது கொலைப்பீலி, அறிந்தே சுமந்தேன்" என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று மாலையே விழாப் பணிகளைப் பகிர்ந்துகொள்ள நகரத்தார் எல்லாரும் கோயில்வீட்டில் கூடினர். அங்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே சென்றார். உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அதற்குள் சோமசுந்தரம் எழுந்தான்.

"நம்ம முத்துவீரப்பண்ணன் போன வருசம் காட்டின வழியிலதான் இந்த வருசம் நாமெல்லாம் போறோம். பினாங்குக் காவடின்னாலே பச்சைக் காவடின்னு பேராயிருச்சு. அண்ணனுக்கு இந்தச் சபையில ஒரு மாலை போடணும்" என்றான்.

மாலை கழுத்தில் விழுந்தது. கழுத்தைச் சுற்றியது மல்லிகைதான். என்றாலும் அதற்குக் கீழிருந்து ஒரு சொல்லும் மேலேறி வரவில்லை. கைகூப்பிச் சிரித்தார். நாளைக்குத் தனியே சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டார். நாளை வந்தது, சோமசுந்தரம் ஆள்களோடு இருந்தான். மறுநாள் வந்தது, நல்ல நாளாய்ப் பார்த்துச் சொல்லலாம் என்று தோன்றியது. வெட்கக்கேடு, நண்பரே, வேறென்ன! பசியாலும் பகையாலும் மட்டுமா உயிர்கள் சாகின்றன? நாலு பேர் முன்னே முகம் கறுத்துவிடுமே என்னும் அச்சத்தாலும் சாகின்றன.

ஐந்தாம் நாள் முற்பகலில், கிட்டங்கிக் கூடத்துப் பாயின்மேல் சோமசுந்தரம் தன் புதுப்பீலிகளைப் பரப்பி வைத்துப் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தான். வாயிற்படியில் நிழலாடியது. தலையில் மூட்டையோடு சலேஹா நின்றாள். தோணியேறி, மூட்டையின் முத்திரையைக் காட்டிக் காட்டித் தெருத்தெருவாய்க் கேட்டு வந்திருக்கிறாள், முகமெல்லாம் வியர்வை. உள்ளே வந்து மூட்டையை முத்துவீரப்பன் முன் இறக்கி வைத்தாள்.

"செட்டி, இது உன் அரிசி. வாக்குக் கொடுத்தாய் என்று நம்பித் தூவினேன். தின்ன வந்த இடத்தில்தான் ஆண்மயிலைப் பிடித்தார்கள். பெடை இரண்டும் மணலுக்கு இறங்குவதையே விட்டுவிட்டன. மரத்தில் இருந்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

அப்போதுதான் அவள் பாயைப் பார்த்தாள். முக்காட்டுத் துணியால் வாயை மூடிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

"யாருண்ணே இந்தம்மா? எந்த அரிசி? என்ன வாக்கு?" என்று சோமசுந்தரம் திகைத்துக் கேட்டான்.

பொய் ஒன்று நாவின் நுனிவரை வந்து நின்றது. அரிசி வாங்கிப் போனவள், புழு இருக்கிறதாம், திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். எவ்வளவு பொருத்தமான பொய்! கூடம் முழுதும் நம்பியிருக்கும். முத்துவீரப்பன் வாய் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, பாயிலிருந்து ஒரு பீலியை எடுத்து, அடியைத் திருப்பிச் சோமசுந்தரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அடியைப் பாருங்க தம்பி."

"வெட்டியிருக்கு."

"உயிரோட பிடிச்சு, கொன்னு, பறிச்சது. ரத்தம் தெரியாம இருக்க வெட்டினது. போன வருசம் நான் தூக்கினதும் இதேதான். அன்னைக்கே அடியைத் திருப்பிப் பாத்தேன். தெரியும். தெரிஞ்சேதான் துணியைச் சுத்திக் கட்டினேன்."

சோமசுந்தரம் பாயிலிருந்த மற்றப் பீலிகளின் அடிகளையும் ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"இது எங்களுக்கு யாருக்கும் தெரியாதேண்ணே. அஞ்சு நாளைக்கு முன்னால கோயில் வீட்ல பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? அப்பச் சொல்லியிருந்தா, நான் வேணாம்னு சொல்லியிருப்பேனே?"

"சொல்லியிருப்பீங்க தம்பி" என்றார் முத்துவீரப்பன். "அந்த மயிலும் இருந்திருக்கும்."

அந்தப் பூசத்தில் அந்தக் கூடத்திலிருந்து புறப்பட்ட காவடிகள் எதிலும் பீலி இல்லை. சோமசுந்தரம் மாவிலையும் பூவும் கட்டி எடுத்தான். முத்துவீரப்பன் அதுவும் இன்றி, வெறுங்கழியைத் தோளில் வைத்து, கூட்டத்தின் கடைசியில் நடந்தார். "என்ன செட்டியாரே, போன வருசம் அந்தப் போடு போட்டீங்க, இந்த வருசம் வெறும் கட்டையா?" என்று வழியில் ஒருவன் கேலி செய்தான். அவனுக்கும் நின்று மறுமொழி சொன்னார். நடந்ததை நடந்தபடி சொன்னார். கேட்டவன் முகம் மாறிற்று. அதையும் பார்த்துக்கொண்டு நடந்தார். இனி எவரும் உதிராப் பீலியைத் தொடுவதில்லை என்று கூடத்தார் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டனர். நல்ல கட்டுப்பாடுதான். ஆற்றங்கரையில் அதற்குள் ஆண்மயில் என்பதே இல்லாமற் போயிருந்தது.

விழா முடிந்த மூன்றாம் நாள், ஊரிலிருந்து கப்பலில் மடல் வந்தது. முத்தம்மை எழுதியதன் அடியில் அலமேலுவின் கோணல் எழுத்து இருந்தது. "அப்பச்சி, நீங்கள் அனுப்பின பச்சைப் பீலியைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். குட்டி போடும் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஒரு வருசம் ஆகிவிட்டது. இன்னும் போடவில்லை. எப்போது போடும்?"

முத்துவீரப்பன் தாளை எடுத்து விரித்தார். ஊரார் முன் சொல்வதே அரிது என்று நினைத்திருந்தவர், அதைவிட அரியது ஒன்று இருப்பதை அப்போதுதான் அறிந்தார். பொறுத்திரு அம்மா, போடும் என்று எழுதினால் குழந்தை மகிழும். ஒருவருக்கும் தீங்கும் இல்லை. அவ்வாறே எழுதத் தொடங்கினார். இரண்டு சொல் எழுதி அடித்தார். கூடத்தின் மூலையில் சலேஹா இறக்கி வைத்த மூட்டை அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல, ஒவ்வோர் எழுத்தாய், மகள் கூட்டிப் படிக்கும்படி பெரிதாய் எழுதினார்:

"அம்மா அலமேலு, அது போடாது. அந்தப் பீலியின் அடியைத் திருப்பிப் பார். அது உதிர்ந்ததல்ல, கொன்று பறித்தது; தெரிந்தே துணி சுற்றி மறைத்தவன் உன் அப்பச்சி."

உயர்ந்தது ஒன்றுக்குப் படைப்பதாய் எண்ணி உயிர் ஒன்றைப் பறித்தவர்க்கு, நண்பரே, படைத்ததும் தங்காது, பறித்ததும் திரும்பாது. முடா ஆற்றங்கரை மரத்தில் அந்தப் பெடைகள் இரண்டும் மழைக்காலம் வரை அகவிக்கொண்டிருந்தன என்று சலேஹா பின்னொருநாள் சொன்னாள். அதன்பின் அங்கே ஆற்றின் ஒலி மட்டுமே கேட்டதாம்.